பண்டைக் கிரேக்கத்தில் இறந்தகால வினைகளை அமைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டைக் கிரேக்கத்தில் 'எலெய்பொன்' என்றால் 'விட்டுச் சென்றுகொண்டிருந்தேன்' என்று பொருள். 'எலிபொன்' என்றால் 'விட்டுச் சென்றேன்' என்று பொருள். இரண்டும் இறந்தகாலம்தான், இரண்டின் தலைப்பிலும் எகரம் நிற்கிறது, இரண்டின் விகுதியும் ஒன்றே. நடுவில் உள்ள ஓர் உயிர் மட்டும் சுருங்கியிருக்கிறது. கிரேக்கம் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் இறந்தகாலம் என்பது ஒரே அடையாளத்தால் காட்டப்படும் ஒரே பொருள் என்ற எண்ணத்தோடு வாய்பாட்டுப் பக்கங்களை மனப்பாடம் செய்ய முயல்கிறார்கள். கிரேக்க மொழி அந்த வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. செயல் கடந்த காலத்தில் நடந்தது என்பதைச் சொல்வது தலைப்பில் வரும் முன்னொட்டு. அந்தச் செயல் நீண்டு நடந்ததா, ஒரே வீச்சில் நடந்து முடிந்ததா, முடிந்து அதன் விளைவு நிலைத்திருக்கிறதா என்பதைச் சொல்வது வினையின் அடி. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால், நூற்றுக்கணக்கான வடிவங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய சில உறுப்புகளிலிருந்து நீங்களே கட்டிவிடலாம்.

நன்னூல் முறைப்படி பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிய பயிற்சி அன்று. 'செய்தேன்' என்பதைச் செய் + த் + ஏன் என்று பிரித்துப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பெயரிட்ட அதே கண்ணோடுதான் கிரேக்க வினையையும் பார்க்கப்போகிறோம். தமிழில் காலம் இடைநிலையில் தங்குகிறது; கிரேக்கத்தில் அது தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் முதல் வேறுபாடு.

எழுத்தைப் பற்றி ஒரு சொல்

இந்த வழிகாட்டியில் கிரேக்கச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறேன். உயிர்களைப் பொறுத்தவரை தமிழெழுத்து கிரேக்கத்துக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. எப்சிலானும் ஏட்டாவும் நம் எகர ஏகாரங்கள். ஓமிக்ரானும் ஒமேகாவும் நம் ஒகர ஓகாரங்கள். ஆல்பா, அயோட்டா, உப்சிலான் ஆகிய மூன்றிலும் கிரேக்க எழுத்து குறில் நெடிலைப் பிரித்துக் காட்டுவதில்லை, தமிழெழுத்து காட்டிவிடும். உப்சிலானை உகரமாக எழுதினாலும், ஏதென்சு நகரத்தார் அதை இதழ் குவித்த இகரமாகவே ஒலித்தார்கள். மெய்களில்தான் குறை. க, த, ப ஆகியவற்றைக் 'கல்', 'தலை', 'பல்' என்பவற்றின் முதலெழுத்தைப் போல எங்கும் வன்மையாக ஒலியுங்கள். மூச்சோடு வரும் தீட்டா, ஃபை, கை ஆகியவற்றை த்ஹ, ப்ஹ, க்ஹ என்று எழுதுகிறேன். ஒலிப்புள்ள பீட்டா, காமா, டெல்டாவுக்கும் ப, க, த என்றே எழுத வேண்டியிருப்பதால், ஒரு விதி அவற்றைச் சார்ந்து நிற்கும்போது எழுத்தின் பெயரைத் தனியே சொல்வேன். உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு வடிவத்தையும் கிரேக்க எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தவிர்த்துவிட்டு இந்த மொழியைக் கற்க இயலாது.

நான்கு இறந்தகாலங்களும் அவற்றின் பொருளும்

டயோனிசியோஸ் த்ராக்ஸ் என்பவரின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணம் இறந்தகாலத்தை நான்காகப் பகுக்கிறது. முதலாவது தொடர் இறந்தகாலம்: 'அவிழ்த்துக்கொண்டிருந்தேன்', 'அவிழ்ப்பது வழக்கம்'. இரண்டாவது அயோரிஸ்ட்: 'அவிழ்த்தேன்'. அந்தப் பெயருக்கு 'எல்லையிடப்படாதது' என்று பொருள். செயலின் நீளத்தைப் பற்றி எதுவும் கூறாமல், அதை ஒரு முழுமையாக எடுத்துரைப்பது அது. மூன்றாவது நிறைவுக்காலம்: 'அவிழ்த்திருக்கிறேன்'. நான்காவது முன்நிறைவுக்காலம்: 'அவிழ்த்திருந்தேன்'.

நம் துணைவினைகள் இந்த நான்கையும் எவ்வளவு துல்லியமாகப் பிரித்துக்கொடுக்கின்றன என்பதைப் பாருங்கள். குறிப்பாக, நிறைவுக்காலம் உண்மையில் நிகழ்காலத்தைச் சேர்ந்தது என்று கிரேக்க இலக்கணம் கூறும்போது பலர் குழம்புவார்கள். 'அவிழ்த்திருக்கிறேன்' என்ற சொல்லின் நடுவில் 'கிறு' என்ற நிகழ்கால இடைநிலை நிற்பதைக் காணும் தமிழருக்குக் குழப்பம் வரவேண்டியதில்லை.

தொடர் இறந்தகாலத்துக்கும் அயோரிஸ்டுக்கும் உள்ள வேறுபாடு சில வினைகளில் பொருளையே மாற்றிவிடும். 'பெய்த்ஹோ' என்றால் இணங்கவைத்தல். அதன் தொடர் இறந்தகாலமாகிய 'எபெய்த்ஹொன்' என்பதை 'சொல்லிப் பார்த்தேன்' என்று மொழிபெயர்க்க வேண்டிவரும். கேட்டவர் இணங்கினாரா என்பது அதில் இல்லை. அயோரிஸ்டாகிய 'எபெய்ஸ' வந்தால் 'இணங்கவைத்தேன்', காரியம் முடிந்தது. அதேபோல 'எபஸிலெவெ' என்றால் 'அரசனாக இருந்தான்'. 'எபஸிலெவ்ஸெ' என்பதற்கோ 'அரசனானான்', 'அரியணை ஏறினான்' என்ற பொருள் அடிக்கடி பொருந்தும். ஒரு வரியை மொழிபெயர்க்கும் முன் இந்த இரண்டில் எது வந்திருக்கிறது என்று நின்று பார்ப்பது நல்ல வழக்கம்.

முதற்படி: முன்னொட்டைச் சேர்த்தல்

மெய்யெழுத்தில் தொடங்கும் வினைக்கு முன் குறில் எகரத்தைச் சேருங்கள். 'லூஓ' (அவிழ்க்கிறேன்) என்பதன் அடி 'லூ'. முன்னொட்டுச் சேர்ந்தால் 'எலூ'. ரோவில் தொடங்கும் வினையில் அந்த ரகரம் இரட்டிக்கும்: 'ஹ்ரிப்தோ' (எறிகிறேன்), 'எர்ரிப்தொன்' (எறிந்துகொண்டிருந்தேன்).

உயிரில் தொடங்கும் வினையில் எகரம் தனியே தெரிவதில்லை. முதல் உயிர் நீள்கிறது. அகரமும் எகரமும் ஏகாரமாகும்: 'அகூஓ' (கேட்கிறேன்) 'ஏகூஒன்' ஆகிறது, 'எத்ஹெலோ' (விரும்புகிறேன்) 'ஏத்ஹெலொன்' ஆகிறது. ஒகரம் ஓகாரமாகும்: 'ஒப்ஹெய்லோ' (கடன்பட்டிருக்கிறேன்), 'ஓப்ஹெய்லொன்'. இகர உகரங்கள் தம் நெடிலாகும். கிரேக்க எழுத்தில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. கூட்டுயிர்களில் முதற்பாதி நீளும்: 'அய்தெஓ' (கேட்டு வேண்டுகிறேன்) 'ஏய்தூன்' ஆகும், 'ஒய்கெஓ' (குடியிருக்கிறேன்) 'ஓய்கூன்' ஆகும். நீண்டபின் அயோட்டா எழுத்தின் கீழ் ஒரு சிறு கோடாகச் சுருங்கிவிடும் என்பதால், படிக்கும்போது அந்தக் கோட்டைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

சில வினைகள் இந்த விதியை மீறுவதுபோலத் தோன்றும். 'எக்ஹோ' (வைத்திருக்கிறேன்) என்பதன் தொடர் இறந்தகாலம் 'ஏக்ஹொன்' என்று வராமல் 'எய்க்ஹொன்' என்று வருகிறது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. இந்த வினையின் பழைய வேர் 'ஸெக்ஹ்'. 'எ-ஸெக்ஹொன்' என்று இருந்தபோது நடுவில் நின்ற ஸகரம் இரண்டு உயிர்களுக்கிடையே தேய்ந்து மறைய, எஞ்சிய இரண்டு எகரங்களும் 'எய்' என்று இணைந்தன. விதிவிலக்கு என்று எண்ணி மனப்பாடம் செய்வதைவிட, மறைந்த ஸகரத்தின் தடம் என்று புரிந்துகொண்டால் அது மறக்காது.

அடுத்து வருவது, நடைமுறையில் மிகுதியாகப் பிழை நேரும் இடம். கிரேக்க வினைகள் பல, 'அபொ' (விலகி), 'எக்' (வெளியே), 'ஸுன்' (சேர்ந்து), 'கத' (கீழே) போன்ற முன்னிடைச் சொற்களோடு கூடி வரும். அப்போது கால முன்னொட்டு அந்தச் சொல்லுக்கும் வினைக்கும் நடுவே நுழையும். 'பல்லோ' என்றால் எறிகிறேன். 'அபொபல்லோ' என்றால் எறிந்துவிடுகிறேன். இறந்தகாலம் 'அபெபல்லொன்'. 'அபொ'வின் கடைசி ஒகரம் எகரத்துக்கு இடம் விட்டுக் கெட்டுவிட்டது. 'எக்பல்லோ' (வெளியே தள்ளுகிறேன்) என்பது 'எக்ஸெபல்லொன்' ஆகிறது. உயிருக்கு முன் 'எக்' என்பது 'எக்ஸ்' ஆகும். 'ஸும்பல்லோ' என்பதில் பகரத்தின் இனமாக மகரமாய் மாறியிருந்த மெய், நடுவே எகரம் வந்து பிரித்ததும் தன் பழைய னகரத்தை மீட்டுக்கொள்கிறது: 'ஸுனெபல்லொன்'. 'பெரி'யின் (சுற்றி) இகரமோ கெடாமல் நிற்கும். அகராதியில் ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால், முதலில் அதன் நடுவில் ஒளிந்திருக்கும் இந்த எகரத்தைத் தேடி எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இந்த முன்னொட்டு எவ்வளவு பழையது என்று கேட்பவர்களுக்குச் சமற்கிருதம் விடை சொல்லும். கிரேக்கத்தில் 'எப்ஹெரெ' என்பதும் சமற்கிருதத்தில் 'லங்' எனப்படும் இறந்தகால வடிவமாகிய 'அபரத்' என்பதும் 'சுமந்தான்' என்ற ஒரே பொருளுடைய உடன்பிறப்புகள். ஒன்றில் எகரமாகவும் மற்றதில் அகரமாகவும் வருவது ஒரே முன்னொட்டு. ஆயினும் அது தொடக்கத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த மைசீனிய லீனியர் பி (கிரேக்கத்தின் மிகப் பழைய எழுத்துமுறை) களிமண் ஏடுகளில், 'கொடுத்தான்' என்ற பொருளில் முன்னொட்டு இல்லாத 'அபுதோகெ'யும் முன்னொட்டுள்ள 'அபெதோகெ'யும் இரண்டுமே வருகின்றன. ஹோமரின் ஒடிசி தொடங்கும் இடத்திலேயே இதைக் காணலாம். இரண்டாம் அடியில் 'ப்லங்க்ஹ்த்ஹே' (அலைக்கழிக்கப்பட்டான்) முன்னொட்டின்றியும், அதே அடியின் முடிவில் 'எபெர்ஸெ' (சூறையாடினான்) முன்னொட்டோடும் நிற்கின்றன. மூன்றாம் அடியில் 'இதென்' (கண்டான்) முன்னொட்டின்றியும் 'எக்னோ' (அறிந்தான்) முன்னொட்டோடும் வருகின்றன. அடுத்தடுத்த இரண்டு அடிகளில் நான்கு வினைகள், இரண்டுக்கு இரண்டு. ஏதென்சின் உரைநடையில் இந்த உரிமை கிடையாது. அங்கே முன்னொட்டு கட்டாயம்.

இரண்டாம் படி: தொடர் இறந்தகாலம்

இது எளிது. நிகழ்கால அடியை எடுங்கள், முன்னொட்டைச் சேருங்கள், ஒகரத்தையோ எகரத்தையோ இணைப்புயிராக வையுங்கள், விகுதியைச் சேருங்கள். செய்வினையில் வாய்பாடு இது: எலூஒன் (நான்), எலூஎஸ் (நீ), எலூஎ (அவன், அவள், அது), எலூஒமென் (நாங்கள்), எலூஎதெ (நீங்கள்), எலூஒன் (அவர்கள்). தன்மை ஒருமையும் படர்க்கைப் பன்மையும் ஒரே வடிவமாக இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். தன்மையின் னகரம் பழைய மகரத்திலிருந்து வந்தது; பன்மையின் னகரம் பழைய 'ந்த்' என்பதில் தகரம் உதிர்ந்து எஞ்சியது. வேறு வேறு வழியாக வந்து ஒரே வாசலில் நிற்கும் இரண்டு சொற்கள் அவை. எது எது என்பதை எழுவாய்தான் காட்டும்.

கிரேக்கத்தில் செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் இடையில் நடுவினை என்ற ஒன்று உண்டு. செய்பவர் தமக்காக அல்லது தம்மீது செய்துகொள்வது அது. தமிழில் 'கொள்' என்னும் துணைவினை தரும் பொருள் பல இடங்களில் அதற்கு ஒத்துவரும். தொடர் இறந்தகாலத்தில் நடுவினையும் செயப்பாட்டுவினையும் ஒரே வடிவம்: எலூஒமேன், எலூஊ, எலூஎதொ, எலூஒமெத்ஹ, எலூஎஸ்த்ஹெ, எலூஒந்தொ. இவற்றில் 'எலூஊ' மட்டும் விளக்கம் கேட்கும். அது முதலில் 'எலூஎஸொ'. மேலே 'எய்க்ஹொன்' என்பதில் கண்ட அதே ஸகரத் தேய்வு இங்கும் நடந்து, 'எஒ' என்பது 'ஊ' என்று இணைந்துவிட்டது.

உயிரீற்று வினைகளில் இணைப்புயிரும் அடியின் ஈற்றுயிரும் புணரும். 'பொயெஓ' (செய்கிறேன்) 'எபொயூன்' ஆகும். 'தீமஓ' (மதிக்கிறேன்) 'எதீமோன்' ஆகும்.

'இருந்தேன்' என்பதை மட்டும் தனியே படித்துவிடுங்கள்: ஏன், ஏஸ்த்ஹ, ஏன், ஏமென், ஏதெ, ஏஸன். பழைய ஏதென்சு வழக்கில் தன்மை ஒருமை வெறும் 'ஏ'. யோவான் நற்செய்தியின் முதல் அடியில் 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்று தமிழில் நாம் படிக்கும் 'இருந்தது' இந்த 'ஏன்' என்பதுதான். சில அடிகளுக்குப் பின் படைப்பைப் பற்றிச் சொல்லும்போது 'எகெனெதொ' (உண்டாயிற்று) என்று அயோரிஸ்ட் வருகிறது. தொடக்கமும் முடிவும் காட்டாமல் நீடிக்கும் இருப்புக்கு ஒரு காலம், தோன்றுதலுக்கு வேறொரு காலம். அந்த வரிகளின் ஆழத்தை இந்த இரண்டு வினைவடிவங்களே தாங்குகின்றன என்று நான் கருதுகிறேன்.

மூன்றாம் படி: ஸகர அயோரிஸ்ட்

அயோரிஸ்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. எந்த வினை எந்த வழியில் போகும் என்பதை அகராதிதான் சொல்லும். முதல் வழியில், அடிக்கும் விகுதிக்கும் நடுவே சிக்மாவும் அகரமும் வரும். எலூஸ, எலூஸஸ், எலூஸெ, எலூஸமென், எலூஸதெ, எலூஸன். நம் இலக்கணத்தின் சொல்லில் இந்த ஸகரம் ஓர் இடைநிலை. ஆனால் அது காலத்தைக் காட்டவில்லை, செயலை முழுமையாகப் பார்க்கும் நோக்கைக் காட்டுகிறது. நடுவினை: எலூஸமேன், எலூஸோ, எலூஸதொ, எலூஸமெத்ஹ, எலூஸஸ்த்ஹெ, எலூஸந்தொ.

அடி மெய்யில் முடிந்தால் ஸகரத்தோடு புணர்ச்சி நிகழும். பை, பீட்டா, ஃபை ஆகிய இதழ் மெய்கள் எதுவாயினும் ஸகரத்தோடு சேர்ந்து 'ப்ஸ்' ஆகும்: 'பெம்போ' (அனுப்புகிறேன்) 'எபெம்ப்ஸ', 'க்ரப்ஹோ' (எழுதுகிறேன்) 'எக்ரப்ஸ'. காப்பா, காமா, கை ஆகியவை 'க்ஸ்' ஆகும்: 'தியோகோ' (துரத்துகிறேன்) 'எதியோக்ஸ'. டெல்டா, தீட்டா, டௌ ஆகியவை ஸகரத்துக்கு முன் கெட்டுவிடும். 'பெய்த்ஹோ'விலிருந்து 'எபெய்ஸ' வந்தது இப்படித்தான். நிகழ்காலத்தில் இரட்டைத் தகரத்தோடு வரும் 'ப்ராத்தோ' (செய்து முடிக்கிறேன்) போன்றவை உண்மையில் ககர இனத்தைச் சேர்ந்தவை; எனவே 'எப்ராக்ஸ'.

உயிரீற்று வினைகள் ஸகரத்துக்கு முன் தம் ஈற்றுயிரை நீட்டிக்கொள்ளும்: எதீமேஸ, எபொயேஸ, 'தேலொஓ' (வெளிப்படுத்துகிறேன்) என்பதிலிருந்து எதேலோஸ. 'கலெஓ' (அழைக்கிறேன்) போன்ற சில மட்டும் நீட்டாமல் 'எகலெஸ' என்பதுபோல நிற்கும். அடிக்கடி வரும் சொல் என்பதால் தானாகப் பழகிவிடும்.

ல, ம, ன, ர ஆகியவற்றில் முடியும் அடிகளில் ஸகரம் நிலைக்காது. அது மறைந்து, தன் கால அளவை முன்னிருக்கும் உயிருக்குக் கொடுத்துவிடும். 'மெனோ' (தங்குகிறேன்) 'எமெய்ன' ஆகும், 'அங்கெல்லோ' (அறிவிக்கிறேன்) 'ஏங்கெய்ல' ஆகும், 'ப்ஹய்னோ' (காட்டுகிறேன்) 'எப்ஹேன' ஆகும். 'பெயர்' என்பதில் யகரம் மறைந்து 'பேர்' என்று உயிர் நீளும் நம் வழக்கை நினைத்துக்கொண்டால் இந்த ஈடுகட்டல் இயல்பாகத் தோன்றும். இந்த வினைகளில் ஸகரத்தைத் தேடி ஏமாறாதீர்கள். நீண்ட உயிரும் விகுதியின் அகரமுமே அடையாளம்.

நான்காம் படி: வேர் மாறும் அயோரிஸ்ட்

இரண்டாவது வழியில் ஸகரமே கிடையாது. விகுதிகள் தொடர் இறந்தகாலத்தின் விகுதிகளே. மாறுவது அடி மட்டும். 'லெய்போ'வின் அடி 'லெய்ப்' என்பது 'லிப்' என்று சுருங்க, 'எலிபொன்' கிடைக்கிறது. 'எபல்லொன்' (எறிந்துகொண்டிருந்தேன்), 'எபலொன்' (எறிந்தேன்) என்ற இணையில் வேறுபாடு ஒரே ஒரு லகர மெய். 'மந்த்ஹனோ' (கற்கிறேன்) தன் உள்ளே நுழைத்த னகரத்தையும் 'அன்' என்ற வால் பகுதியையும் உதிர்த்து 'எமத்ஹொன்' (கற்றேன்) ஆகிறது. 'லம்பனோ' (பெறுகிறேன்) அதே முறையில் 'எலபொன்' ஆகிறது.

தமிழில் 'விடு' என்பது 'விட்டான்' என்றும், 'புகு' என்பது 'புக்கான்' என்றும், 'பெறு' என்பது 'பெற்றான்' என்றும் வருகையில், தனி இடைநிலை இல்லாமல் பகுதியே திரிந்து இறந்தகாலம் காட்டுகிறது அல்லவா? அதே வகையான காரியம்தான் இது. தமிழில் பகுதி தடிக்கிறது, கிரேக்கத்தில் மெலிகிறது. நிகழ்கால அடிதான் அணிகலன் பூண்டு நிற்கிறது. அயோரிஸ்டில் தெரிவது அதன் உள்ளே இருக்கும் எளிய வேர். ஆகவே ஒரு வினையின் உண்மையான வேரை அறிய வேண்டுமானால் அயோரிஸ்டைப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

சில வினைகள் அடியை மாற்றுவதோடு நில்லாமல் முற்றிலும் வேறு வேரை எடுத்துக்கொள்கின்றன. 'ஹொரஓ' (காண்கிறேன்) 'எய்தொன்' (கண்டேன்) ஆகிறது. 'லெகோ' (சொல்கிறேன்) 'எய்பொன்' ஆகிறது. 'எர்க்ஹொமய்' (வருகிறேன்) 'ஏல்த்ஹொன்' ஆகிறது. 'எஸ்த்ஹிஓ' (உண்கிறேன்) 'எப்ஹகொன்' ஆகிறது. 'த்ரெக்ஹோ' (ஓடுகிறேன்) 'எத்ரமொன்' ஆகிறது. காணுதல், சொல்லுதல், வருதல், உண்ணுதல், ஓடுதல் என்று அன்றாடம் புழங்கும் வினைகளே இப்படி ஒழுங்கு மீறுகின்றன. இவற்றுக்குக் குறுக்கு வழி இல்லை. நாளுக்கு ஐந்து என்று எழுதிப் படிக்க வேண்டும்.

இணைப்புயிரும் இல்லாமல், நெடில் வேரின்மேல் விகுதி நேரே ஒட்டும் சிறு கூட்டம் ஒன்றும் உண்டு: எபேன் (நடந்தேன்), எக்னோன் (அறிந்தேன்), எஸ்தேன் (நின்றேன்). இவற்றில் 'எஸ்தேன்' நம் கவனத்துக்குரியது. அதே வினைக்கு 'எஸ்தேஸ' என்று ஸகர அயோரிஸ்டும் இருக்கிறது. 'எஸ்தேன்' என்றால் நின்றேன், 'எஸ்தேஸ' என்றால் நிறுத்தினேன். நாம் தன்வினை, பிறவினை என்று பிரிப்பதைக் கிரேக்கம் இங்கே இரண்டு அயோரிஸ்டுகளால் பிரிக்கிறது. கொடுத்தல், வைத்தல், அனுப்பிவிடுதல் என்ற மூன்று வினைகளில் மட்டும் ஒருமையில் ஸகரத்துக்குப் பதில் ககரம் வரும்: 'எதோக' (கொடுத்தேன்), 'எத்ஹேக' (வைத்தேன்), 'ஹேக' (அனுப்பினேன்). பன்மையில் அந்தக் ககரம் மறைந்து 'எதொமென்', 'எதொதெ', 'எதொஸன்' என்று குறில் வேரே வரும்.

ஐந்தாம் படி: அயோரிஸ்ட் செயப்பாட்டுவினை

தொடர் இறந்தகாலத்தில் ஒன்றாக இருந்த நடுவினையும் செயப்பாட்டுவினையும் அயோரிஸ்டில் பிரிகின்றன. செயப்பாட்டுவினைக்கு 'த்ஹே' என்ற இடைநிலை வரும். விகுதிகள் செய்வினையின் விகுதிகள். எலுத்ஹேன் (அவிழ்க்கப்பட்டேன்), எலுத்ஹேஸ், எலுத்ஹே, எலுத்ஹேமென், எலுத்ஹேதெ, எலுத்ஹேஸன். இங்கே வேரின் உயிர் குறிலாகிவிட்டதைக் கவனியுங்கள்: எலூஸ, ஆனால் எலுத்ஹேன். கிரேக்க எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. தமிழில் எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது.

மெய்கள் தீட்டாவின் மூச்சைத் தாமும் ஏற்கும்: 'பெம்போ' என்பதிலிருந்து 'எபெம்ப்ஹ்த்ஹேன்', 'ப்ராத்தோ' என்பதிலிருந்து 'எப்ராக்ஹ்த்ஹேன்'. பல் மெய்களாகிய டெல்டா, தீட்டா, டௌ ஆகியவை ஸகரமாகும்: 'எபெய்ஸ்த்ஹேன்'. சில வினைகள் தகரமே இல்லாமல் ஏகாரத்தை மட்டும் ஏற்கும்: 'எக்ரப்ஹேன்' (எழுதப்பட்டேன்), 'எப்ஹனேன்' (தோன்றினேன்).

ஆறாம் படி: நிறைவுக்காலமும் முன்நிறைவுக்காலமும்

நிறைவுக்காலத்தில் கால முன்னொட்டுக்குப் பதிலாக இரட்டிப்பு வருகிறது. வினையின் முதல் மெய்யை எடுத்து, எகரம் சேர்த்து, முன்னால் வையுங்கள். அடிக்குப் பின் ககரத்தைச் சேருங்கள். லெலுக, லெலுகஸ், லெலுகெ, லெலுகமென், லெலுகதெ, லெலுகாஸி. முதல் மெய் மூச்சு மெய்யானால் இரட்டிப்பில் மூச்சு இருக்காது: 'த்ஹூஓ' (பலியிடுகிறேன்) 'தெத்ஹுக' ஆகும், 'ப்ஹிலெஓ' (நேசிக்கிறேன்) 'பெப்ஹிலேக' ஆகும். அடுத்தடுத்த இரண்டு அசைகளில் மூச்சு மெய்கள் வருவதைக் கிரேக்கம் விரும்புவதில்லை. 'ஸ்த்ர' போன்ற மெய்க்கூட்டத்தில் தொடங்கினால் இரட்டிப்பும் இல்லை, வெறும் எகரம்தான்: 'எஸ்த்ரதெவ்க' (படையெடுத்திருக்கிறேன்). ககரம் ஏற்காத பழைய வினைகளும் உண்டு: 'லெலொய்ப' (விட்டிருக்கிறேன்), 'கெக்ரப்ஹ' (எழுதியிருக்கிறேன்). 'லெய்ப்', 'லிப்', 'லொய்ப்' என்று ஒரே வேர் மூன்று உயிர்களில் மூன்று நோக்குகளைக் காட்டுவது இந்த மொழியின் பேரழகு.

நடுவினை, செயப்பாட்டுவினை இரண்டுக்கும் ககரம் இல்லாமல் விகுதி நேரே ஒட்டும்: லெலுமய், லெலுஸய், லெலுதய், லெலுமெத்ஹ, லெலுஸ்த்ஹெ, லெலுந்தய்.

நிறைவுக்காலத்தின் பொருளை உணர இரண்டு சொற்கள் போதும். ஆர்க்கிமிடீஸ் குளிக்கும் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியபோது சொன்னதாக வழங்கும் 'யுரேகா', கிரேக்கத்தில் 'ஹெவ்ரேக'. 'ஹெவ்ரிஸ்கோ' (கண்டுபிடிக்கிறேன்) என்பதன் நிறைவுக்காலம். 'கண்டுபிடித்துவிட்டேன், விடை இப்போது என் கையில் இருக்கிறது' என்பது பொருள். மற்றொன்று புதிய ஏற்பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'கெக்ரப்தய்'. தமிழ் வேதாகமம் அதை 'எழுதியிருக்கிறது' என்று பெயர்க்கிறது. என்றோ எழுதப்பட்டது, இன்றும் எழுத்தாக நிற்கிறது என்ற இரண்டு செய்திகளையும் அந்தத் தமிழ்ச்சொல் இழக்காமல் தருகிறது.

முன்நிறைவுக்காலத்தில், இரட்டித்த அடிக்கும் முன்னால் கால முன்னொட்டு வரும். 'எலெலுகே' (அவிழ்த்திருந்தேன்), பிற்கால வழக்கில் 'எலெலுகெய்ன்'; செயப்பாட்டில் 'எலெலுமேன்'. படிக்கும் நூல்களில் இது அரிதாகவே வரும். அடையாளம் கண்டால் போதும்.

ஏழாம் படி: பிரித்துப் படித்தல்

ஒவ்வொரு வினைக்கும் அகராதி ஆறு முதன்மை வடிவங்களைத் தரும்: லூஓ, லூஸோ, எலூஸ, லெலுக, லெலுமய், எலுத்ஹேன். இரண்டாவது எதிர்காலம், மற்ற ஐந்தும் இறந்தகாலத்தைக் கட்ட உங்களுக்கு வேண்டும். புதிய வினையைக் குறிப்பேட்டில் எழுதும்போதே ஆறையும் எழுதுங்கள். முன்னொட்டு, 'செய்தான்' என்று நிகழ்ச்சியைக் கூறும் வினைமுற்றில் மட்டுமே வரும் என்பதையும் மறவாதீர்கள். ஏவலிலும் எச்சங்களிலும் அது உதிர்ந்துவிடும். அப்போது அயோரிஸ்ட் அடி இருந்தாலும் முன்னொட்டு தரும் இறந்தகாலப் பொருள் அதில் இல்லை. 'லூஸொன்' என்பது 'அவிழ்த்துவிடு' என்ற கட்டளை.

துசிடிடீஸ் தம் வரலாற்றைத் தொடங்கும் வாக்கியத்தில் 'க்ஸுனெக்ரப்ஸெ' என்று எழுதுகிறார். இடமிருந்து பிரியுங்கள். 'க்ஸுன்' என்பது 'ஸுன்' என்பதன் பழைய ஏதென்சு வடிவம். அடுத்து நிற்கும் எகரம் கால முன்னொட்டு. 'க்ரப்ஹ்' என்பதன் மூச்சு மெய்யும் ஸகரமும் சேர்ந்து 'க்ரப்ஸ்' ஆகியிருக்கின்றன, ஆகவே அயோரிஸ்ட். இறுதி எகரம் படர்க்கை ஒருமை. 'தொகுத்து எழுதினான்'. அதே வாக்கியத்தில் சற்றுத் தள்ளி வரும் 'எபொலெமேஸன்' என்பது எ + பொலெமே + ஸ + ன் என்று பிரியும். 'பொலெமெஓ' என்னும் உயிரீற்று வினையின் எகரம் நீண்டிருக்கிறது. 'போரிட்டார்கள்'.

இனி நீங்களே ஒன்றைப் பிரியுங்கள்: 'எக்ஸெபெம்ப்ஹ்த்ஹேஸன்'. 'எக்ஸ்' வெளியே, எகரம் முன்னொட்டு, 'பெம்ப்ஹ்' என்பது மூச்சேற்ற 'பெம்ப்', 'த்ஹே' செயப்பாட்டு இடைநிலை, 'ஸன்' படர்க்கைப் பன்மை. 'வெளியே அனுப்பப்பட்டார்கள்'. ஒரே சொல்லில் ஐந்து உறுப்புகள், ஒன்றுகூட வீணில்லை.

பிளேட்டோவின் குடியரசு நூலின் முதற்சொல் 'கதெபேன்'. அகராதியில் 'கதபய்னோ' என்று தேட வேண்டும். 'கத' என்பதன் ஈற்று அகரம் கெட்டு, கால முன்னொட்டாகிய எகரம் நுழைந்து, 'பே' என்னும் நெடில் வேரும் தன்மை ஒருமை னகரமும் நேரே ஒட்டியிருக்கின்றன. ஸகரம் இல்லை, இணைப்புயிர் இல்லை, வேர் அயோரிஸ்ட். 'இறங்கிப் போனேன்' என்கிறார் சாக்ரடீஸ். நேற்று, பிரேயுஸ் துறைமுகத்துக்கு, அரிஸ்டோனின் மகன் கிளவ்க்கோனோடு.